பார்த்த இடத்துக்கு ஒரு வட்டம்

மேடையில் அமர்ந்திருக்கும் போதகர் அவர்களே, களைத் தடுப்புக் குழுவின் தலைவர் அவர்களே, மாடுகள் கன்று ஈனும் இந்த நேரத்திலும் கொட்டகையை யாரிடமோ ஒப்படைத்துவிட்டுப் பனியில் வண்டியோட்டி வந்திருக்கும் பண்ணைக்காரப் பெருமக்களே, வணக்கம்.

களை ஆய்வுப் பயிற்சியாளர் வெர்னா ஹால்வர்சன் அவர்கள் நம்மோடு இல்லை. இதே தீயணைப்புக் கூடத்தில்தானே அவர் நமக்கு நிலப்படம் விரித்தார்? இதே மேசையில்தானே நாம் காபியைக் கொட்டி அவரிடம் திட்டு வாங்கினோம்?

மாடு வாய் வைக்காத, கிள்ளினால் பால் வடியும் அந்த மஞ்சள் பூக் களை நம் வில்லோ ஓடைப் பள்ளத்தாக்கில் தலைகாட்டிய காலம் அது. மேய்ச்சல் போனால் நாமும் போனோம் என்று எல்லோருக்கும் தெரியும். களையைத் தேடிப் படத்தில் குறிக்க வெர்னா அம்மையார் நடத்திய பயிற்சியில் சொன்ன விதி ஒன்றுதான். களை இருந்தால் புள்ளி வை. நடந்து பார்த்து, இல்லையென்றால் வட்டம் போடு. பார்க்காத இடத்தை வெறுமையாக விடு.

முன்வரிசையில் இருக்கும் ஆர்வில் ஸ்ட்ராண்ட் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன். அண்டை வீட்டுக்காரர் நிலம் முழுக்கப் புள்ளியாக வைத்து, தன் நிலம் முழுக்க வட்டமாகப் போட்டு அவர் கொண்டுவந்த படத்தை மறக்க முடியுமா?

"நடந்து பார்த்தியா ஆர்வில்?" என்று கேட்டார் வெர்னா.

"என் நிலத்தை நான் எதுக்கும்மா பார்க்கணும்? எனக்குத் தெரியாதா?"

"உன் பொண்டாட்டிகிட்டயும் இப்படித்தான் சொல்லுவியா?"

கூடமே சிரித்தது. வெர்னா விடவில்லை. ஆர்விலைக் கூட்டிக்கொண்டு போனார், நாங்களும் பின்னால் போனோம். வைக்கோல் போருக்குப் பின்னே, ஓடை திரும்பும் இடத்தில், முழங்கால் உயரத்துக்கு மஞ்சளாக நின்றது. களை விதை கலந்த அந்த வைக்கோலைத்தான் பள்ளத்தாக்கில் பாதிப்பேர் வாங்கிக்கொண்டிருந்தோம். ஆர்வில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எழுந்திரு. நீயே கண்டுபிடிச்சதா எழுதிக்க. பயிற்சியில பாஸ் ஆயிட்ட" என்றார் வெர்னா. "ஆனா மாடு இதத் தொடாது. ஆடு வாங்கணும்."

"மூணு தலைமுறை மாட்டுக்காரன் நான். ஆடு மேய்க்கச் சொல்றியா?"

இன்று ஆர்வில் வண்டியில் செம்மறி வாடை அடிக்கிறது. அந்த ஆடுகளால் பள்ளத்தாக்கு பிழைத்தது.

போன கோடையில் நோய் வந்ததால் வெர்னாவால் மேல் ஓடைக்கு ஏற முடியவில்லை. அங்கே களை இருந்தால் தண்ணீரோடு நம் எல்லோர் நிலத்துக்கும் விதை இறங்கிவிடும். மருத்துவமனையில் ஆர்வில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மேல ஒண்ணும் இல்ல, நிம்மதியா இரு" என்றார்.

"பார்த்தியா?" என்றார் வெர்னா.

அவர் வாயிலிருந்து நான் கேட்ட கடைசி வார்த்தை அதுதான்.

பனி உருகியதும் ஆர்விலும் நானும், வர விரும்பும் எல்லோரும், மேல் ஓடைக்கு ஏறுவோம். தெரியும் என்று சொல்ல மாட்டோம். பார்த்தோம் என்று சொல்வோம். அவர் பயிற்சியை இந்தக் கூடத்திலேயே ஒவ்வொரு வசந்தத்திலும் நடத்துவோம். இது என் வாக்கு.

இன்று உள்ளே நுழைந்ததும் பழக்கத்தில் என் கண் வெர்னா எப்போதும் நின்று பாடம் நடத்தும் கரும்பலகைப் பக்கம் போனது. நன்றாகப் பார்த்தேன் வெர்னா. இல்லை. வட்டம் போடத்தான் கை வரவில்லை.