எலுமிச்சம்பழத்துக்கு நிற்கும் வண்டி

"புது பிக்கப்புல முன்னாடி எலுமிச்சம்பழம் கட்டக் கூடாதாம் மாமா. கட்டுனா வண்டி தானா பிரேக் போட்டுருமாம்."

கம்பத்திலிருந்து தேனி செல்லும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இருந்த இளைஞர் இப்படிச் சொன்னார். பக்கத்தில் அவருடைய மாமா.

"ஏன் மாப்ள, அதுக்குப் புளிப்பு ஆகாதா?"

"சென்சார் மாமா. குறுக்க எது தொங்குனாலும் ஆளுன்னு நெனச்சு நின்னுருமாம். ஷோரூம்ல சொன்னாக."

"அனுமந்தன்பட்டியத் தாண்டுறதுக்குள்ள ஆடு, மாடு, கோழி, கல்யாண ஊர்வலம். அப்ப எப்பத்தான் ஓடுமாம்?"

"எஞ்சினும் புதுசு. குமுளி மலையில லோடோட மூணாவது கியர்லயே ஏறுமாம். ஏசி, டச் ஸ்கிரீன், ரிவர்ஸ் கேமரா எல்லாம் உண்டு."

"அதெல்லாம் ஒனக்கு. பின்னாடி ஏறுற திராட்சைக்கு என்ன வச்சிருக்காக? சரி, மலையில ஏத்திக் காட்டுனாகளா?"

"வண்டியே இன்னும் வரல மாமா. படந்தான் காட்டுனாக."

"படம் நல்லா ஏறுதா?"

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. அந்தப் படத்தை நம்பிப் பழைய பிக்கப்பைப் போன வாரமே விற்றுவிட்டதாகச் சொன்னார்.

"புதன்கிழமை திராட்சை வெட்டு மாமா. அன்னைக்கே ஏத்தலைன்னா பழம் உதுந்துரும். ஒங்க வண்டி சும்மாதான நிக்குது?"

"அந்த ஓட்டை வண்டிய இரும்புக்குப் போடச் சொன்னது நீதான?"

மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உத்தமபாளையம் வந்ததும் மாமா இறங்க எழுந்தார்.

"வந்து எடுத்துக்க. முன்னாடி எலுமிச்சம்பழம் தொங்கும். வண்டி நிக்காது. நீ மிரண்டு நின்னுறாத."