ஒன்பதா, பதினொன்றா

சொல்பவர்: ஒன்பதுன்னுதானே அக்கா சொன்னேன்? வாயைத் திறந்து, நல்லா சத்தமா, ஒன்பதுன்னு.

தட்டுபவர்: காதுல விழுந்துச்சு.

சொல்பவர்: விழுந்துச்சா! அப்புறம் எப்படி ஸ்கிரீன்ல பதினொன்னு பேர்ல இருக்கு?

தட்டுபவர்: தப்பு பண்ணினது பதினொன்னாம் நம்பர் பொண்ணு. அதான் அவ பேர்ல இருக்கு.

சொல்பவர்: அக்கா... இந்தக் கூடைப்பந்துப் போட்டி தொடங்கின நாள்லேர்ந்து நாம ஒரே மேசை. நான் கோர்ட்டைப் பார்த்துச் சொல்லுவேன், நீங்க ஸ்கிரீனைப் பார்த்துத் தட்டுவீங்க. ‘வெள்ளை ஏழு, ரெண்டு பாயின்ட், மிஸ். நீலம் நாலு, ரீபவுண்ட்.’ நான் சொல்லாத ஒரு எழுத்தை நீங்க தட்டினதே இல்ல.

தட்டுபவர்: நீங்களும் இதுவரைக்கும் தப்பா சொன்னதில்ல.

சொல்பவர்: போச்சுடா!

தட்டுபவர்: கோவிச்சுக்காதீங்க தம்பி. காபி ஆறுது பாருங்க.

சொல்பவர்: காபி கிடக்கட்டும். மேற்பார்வையாளர் இப்ப ஷீட் கேட்டு வந்து நிப்பாரு. ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். நான் இதுல போட மாட்டேன்.

தட்டுபவர்: நான் மாத்தினா, நான் போட மாட்டேன்.

சொல்பவர்: சரி... நிதானமா பேசுவோம். நாம ஒரு பாயின்ட் பின்னாடி நிக்கறோம். பந்து நம்ம பொண்ணுங்க கையில. கடைசி வாய்ப்பு. பதினொன்னு பாஸ் கொடுக்கறா. பந்து ஒன்பதோட கையில பட்டு வெளிய போயிடுச்சு. பிடிக்க வேண்டிய பந்து. பிடிக்கல. பந்தை எதிராளிக்கு விட்ட கணக்கு, அந்த டர்ன்ஓவர், ஒன்பது பேர்ல. இதுல என்ன சிக்கல்?

தட்டுபவர்: பாஸ் சரியில்ல.

சொல்பவர்: உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க ஸ்கிரீனைத்தானே பார்ப்பீங்க?

தட்டுபவர்: ...நிமிர்ந்து பார்த்தேன்.

சொல்பவர்: நிமிர்ந்தீங்களா? தட்டறவங்க தலையே தூக்கக் கூடாதுன்னு எனக்கே பாடம் எடுத்தது நீங்கதான்!

தட்டுபவர்: ஒரே ஒரு தடவை. ஹாலே ‘ஐயோ’ன்னு கத்துச்சு. நானும் மனுஷிதானே?

சொல்பவர்: இந்த ஒரு டர்ன்ஓவர் என்ன செய்யும்னு தெரியுமா உங்களுக்கு? ரெண்டு பொண்ணுங்களுக்கும் செயல்திறன் கணக்கு பதினெட்டுல நின்னுச்சு. போட்ட பாயின்ட், பிடிச்ச ரீபவுண்ட் எல்லாம் கூட்டி, விட்டதையெல்லாம் கழிச்சு, சமமா பதினெட்டு. இது யார் தலையில விழுதோ அவளுக்குப் பதினேழு. வெளிநாட்டு முகாமுக்கு நம்ம டீம்லேர்ந்து ஒருத்திதான் போகலாம். கணக்குல முதல் ஆள் போவா.

தட்டுபவர்: தெரியாமலா தட்டினேன்?

சொல்பவர்: அப்ப தெரிஞ்சேதான் பதினொன்னைக் கவுக்கறீங்க!

தட்டுபவர்: நீங்க தெரிஞ்சேதான் ஒன்பதைக் கவுக்கறீங்க.

சொல்பவர்: ஒரு கேள்வி கேட்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த ஒன்பது உங்களுக்கு வேண்டப்பட்டவளா?

தட்டுபவர்: ஒன்பதா? அந்தப் பொண்ணோட நான் ஒரு வார்த்தை பேசினதில்ல. உங்களுக்குப் பதினொன்னு யாரு?

சொல்பவர்: யாரும் இல்ல. சத்தியமா. சொந்தக்காரங்க ஆடினா இந்த மேசையில உட்காரவே விட மாட்டாங்களே.

தட்டுபவர்: ...ஆமா, விட மாட்டாங்க.

சொல்பவர்: அப்புறம் என்ன? ஒன்பது நல்லா ஆடறவதான். ஆனா மெத்தனம். பந்து தானா கையில வந்து உட்காரும்னு நினைப்பு. எத்தனை தடவை சொன்னாலும்...

தட்டுபவர்: யாரு சொன்னாலும்?

சொல்பவர்: கோச்... கோச் சொன்னாலும். ஓரமா நின்னு கத்திக்கிட்டே இருக்காரே.

தட்டுபவர்: பதினொன்னு மட்டும் என்ன? அவசரக்குடுக்கை. சாப்பாட்டுலேர்ந்து எல்லாமே அவசரம். யோசிக்கறதுக்கு முன்னாடி கை போயிடும்.

சொல்பவர்: சாப்பாடா?

தட்டுபவர்: ஒரு பேச்சுக்குச் சொன்னேன். வீடியோ போடுங்க.

சொல்பவர்: போடறேன். இதோ... இங்கேர்ந்து. பார்த்தீங்களா? பாஸ். கை நீட்டறா. விரல்ல பட்டு வெளிய. தெளிவா இருக்கு.

தட்டுபவர்: பந்து முட்டிக்குக் கீழ வருது. அதை எப்படிப் பிடிப்பா? பாவம் அந்தப் பொண்ணு.

சொல்பவர்: குனிஞ்சு பிடிக்கணும். முகாமுக்குப் போறவ குனிய மாட்டாளாமா?

தட்டுபவர்: இவ்ளோ கல் மனசா உங்களுக்கு?

சொல்பவர்: கணக்குக்கு மனசு எதுக்கு? உங்களுக்கு மட்டும் என்னவாம்... பதினொன்னு மேட்ச் முழுக்க ஓடிக் களைச்சுப் போயிருக்கா. கடைசி கால் பகுதியில தனி ஆளா டீமைத் தூக்கி நிறுத்தினா. அவளைப் போய்...

தட்டுபவர்: தெரியும். எல்லாத்தையும் நான்தானே தட்டினேன்.

மேற்பார்வையாளர்: என்ன, இன்னும் முடியலையா? ரெண்டு கோச்சும் கதவுகிட்ட நிக்கறாங்க. வெளிநாட்டுலேர்ந்து வந்த நீல டீமோட பஸ் வேற ஹாரன் அடிச்சுக்கிட்டே இருக்கு.

சொல்பவர்: கடைசி டர்ன்ஓவர்ல ஒரு சின்ன... நான் ஒன்பதுங்கறேன் சார். அக்கா பதினொன்னுங்கறாங்க.

மேற்பார்வையாளர்: மேடம் எப்ப கோர்ட்டைப் பார்த்தாங்க?

தட்டுபவர்: ஒரு தடவை சார்.

மேற்பார்வையாளர்: நல்லா இருக்கு! நகருங்க. வேற கேமரா இருக்கே, கூடைக்குப் பின்னாடி இருக்கறது? அதைப் போடுங்க. மெதுவா... இன்னும் மெதுவா. நிறுத்துங்க.

சொல்பவர்: என்ன சார்?

மேற்பார்வையாளர்: இது யார் கை?

சொல்பவர்: ...எது?

மேற்பார்வையாளர்: இதோ, நடுவுல. நீலச் சட்டை. நாலு. பாஸ் கிளம்பினதுமே விரலை விட்டுத் தட்டியிருக்கா. அதனாலதான் பந்து தாழ்ந்துச்சு. அதனாலதான் ஒன்பதுக்குப் பிடிபடல.

சொல்பவர்: அட!

மேற்பார்வையாளர்: என்னய்யா அட! அந்தப் பொண்ணு கடல் தாண்டி வந்து மேட்சையே ஜெயிச்சுக் கொடுத்திருக்கா. பந்தைப் பறிச்சதுக்கு ஷீட்ல அவளுக்கு ஒரு ஸ்டீல் கூட இல்ல. நான் பார்க்கலைன்னா அவ வெறுங்கையோட ஊருக்குப் போயிருப்பா.

தட்டுபவர்: அப்ப டர்ன்ஓவர் யாருக்கு சார்?

மேற்பார்வையாளர்: இதுல என்ன கேள்வி? வழியில எதிராளி தட்டிட்டா, பாஸ் கொடுத்தவ பேர்லதான். பதினொன்னு. நாலுக்கு ஸ்டீல் ஏத்துங்க.

சொல்பவர்: சார்... இன்னொரு தடவை பார்த்துடலாமா? எதுக்கும்?

மேற்பார்வையாளர்: எத்தனை தடவை பார்த்தாலும் அந்த விரல் அங்கேதான்யா இருக்கும். மேடம், ஏத்துங்க.

தட்டுபவர்: நீலம் நாலு, ஸ்டீல்... வெள்ளை பதினொன்னு, டர்ன்ஓவர். முன்னாடியே இருக்கு. முடிஞ்சுது சார்.

மேற்பார்வையாளர்: அப்ப முகாமுக்கு ஒன்பது. பிரிண்ட் எடுங்க.

சொல்பவர்: அக்கா, ரெண்டு தடவை பிரிண்ட் குடுத்துட்டீங்க.

தட்டுபவர்: மெஷின் கோளாறு.

சொல்பவர்: மெஷின் நீங்க தட்டினாத்தானே எடுக்கும்.

மேற்பார்வையாளர்: ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. ஆனா ஒன்னு கேட்கறேன், பதில் சொல்லிட்டுப் போடுங்க. அனுபவசாலிங்க நீங்க. பந்து போன வழியில ஒரு கை நீண்டிருக்கு. எனக்கு வீடியோவுல தெரியுது. பத்தடி தூரத்துல உட்கார்ந்திருந்த உங்களுக்குத் தெரியல. அப்படி எதைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க?

சொல்பவர்: சார்... அது வந்து...

மேற்பார்வையாளர்: எது வந்து?

சொல்பவர்: ஒன்பதோட கையை மட்டும் சார். என் தங்கச்சி பொண்ணு. சொன்னா மேசையில உட்கார விட மாட்டீங்கன்னு மறைச்சுட்டேன். தாய்மாமன் பாரபட்சம் பார்த்தான்னு யாரும் சொல்லிடக் கூடாதேன்னு பயம். அதான் சந்தேகம் வந்ததும் அவ தலையிலயே கட்டிட்டேன்.

மேற்பார்வையாளர்: நாசமாப் போச்சு. மேடம், நீங்களாவது பந்தைப் பார்த்தீங்களா?

தட்டுபவர்: இல்ல சார். பாஸை நான் பார்க்கவே இல்ல. தப்பு பண்ணிட்டா எம்பொண்ணு உடனே என்னைத்தான் தேடுவா, நடக்கப் பழகின நாள்லேர்ந்தே அப்படி. ஹால் கத்தினதும் நிமிர்ந்தேன்... பதினொன்னு என்னையே பார்த்துக்கிட்டு நின்னா.