திரும்பி வந்த முப்பத்தெட்டு

இந்த அவைக்கு அச்சாணியாய் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே! சிறு கடையில் தொடங்கிச் சிகரம் தொட்ட மூத்த வணிகர்களே! கடையையும் கட்டிக்காத்து, கடைக்காரரையும் கட்டிக்காக்கும் தாய்மார்களே! கைதட்டவும் கொட்டாவி விடவும் சம உரிமை பெற்ற பின்வரிசைப் பெருமக்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

முதலில் ஒரு மன்னிப்பு. இதோ, ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் என் கைப்பேசியை வைத்திருக்கிறேன். பேச்சின் நடுவே ஒலித்தால் எடுப்பேன். மரியாதைக் குறைவு என்று எண்ணாதீர்கள். என் மனம் இந்த மேடையில் நிற்கவில்லை. ஏன் என்று சொல்லத்தான் வந்தேன்.

'மின்னஞ்சலால் வணிகம் வளர்ப்பது எப்படி' என்பது நீங்கள் தந்த தலைப்பு. நான் வாட்டர் ஹீட்டர் விற்பவன். ஆறாயிரம் பேருக்கு வாரந்தோறும் மடல் அனுப்புகிறவன் என்பதால் என்னை அழைத்தீர்கள். அனுப்பினேன் ஐயா, அனுப்பினேன்! மழை வந்தால் ஒரு மடல், வெயில் வந்தால் ஒரு மடல், இரண்டும் வராவிட்டால் 'நலமா' என்று ஒரு மடல்! அதில் ஆயிரம் மடல்கள், சுவரில் அடித்த பந்தாய் ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தன. இதைத்தான் இந்தத் தொழிலில் பவுன்ஸ் என்கிறார்கள். கடைக் கணினியைக் கவனிக்கும் என் மனைவியின் தங்கை தலையில் அடித்துக்கொண்டாள்.

"மாமா, திரும்பி வர்ற ஒவ்வொண்ணுலயும் காரணம் எழுதியிருக்கு. ஒரு தடவை படிச்சுத்தான் பாருங்களேன்."

"அடி மேல அடி வச்சா அம்மியும் நகரும்மா. மறுபடி அனுப்பு!"

அம்மி நகர்ந்ததா? இம்மியும் நகரவில்லை. ஐந்து நாட்களுக்கு முன் ஹீட்டர் செய்யும் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. ஒரு வகை ஹீட்டரில் மின்கசிவு. குளிக்கும் தண்ணீரில் மின்சாரம் பாயலாம். உடனே நிறுத்தச் சொல்லுங்கள். அந்த வகையில் நான் விற்றவை நாற்பத்தாறு. தள்ளுபடி தருகிறேன் என்று மின்னஞ்சல் முகவரியை மட்டும் வாங்கிக்கொண்டு, தொலைபேசி எண்ணைக் கேட்காமல் விட்ட மேதை நான்! 'ஸ்விட்சைப் போடாதீர்கள்' என்று நாற்பத்தாறு பேருக்கும் மடல் பறந்தது. எட்டுப் பேர் பதில் போட்டார்கள். முப்பத்தெட்டு திரும்பி வந்தன.

அன்றுதான் ஐயா, திரும்பி வந்த மடலை முதன்முறையாகப் படித்தேன். சில சொல்லின: 'அப்படி ஒரு முகவரியே இல்லை.' தள்ளுபடிக்காக வாய்க்கு வந்ததை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆயிரம் முறை அனுப்பினாலும் விழலுக்கு இறைத்த நீர். முதல்முறை திரும்பியபோதே பட்டியலிலிருந்து நீக்கியிருக்க வேண்டும். ஒன்று சொல்லியது: 'பெட்டி நிரம்பிவிட்டது, பிறகு வா.' அங்கே ஆள் உண்டு, இடம்தான் இல்லை. அதை நிரப்பியதில் எனக்கும் பங்கு இல்லையா? மற்றவை எல்லாம் என்ன சொல்லின தெரியுமா? 'இந்தக் கடையிலிருந்து வருவதை ஏற்க மாட்டோம்.' இல்லாத வீடுகளின் கதவை வருடக்கணக்கில் தட்டியவனை, இருக்கிற வீடுகளின் காவலாளிகளான மின்னஞ்சல் நிறுவனங்களும் தொல்லைக்காரன் என்று குறித்துவைத்துவிட்டார்கள்.

என்ன அண்ணே? "வேற முகவரியில இருந்து அனுப்ப வேண்டியதுதானே" என்கிறீர்களா? அனுப்பினேன். போய் விழுந்த இடம், ஸ்பேம் என்கிற குப்பைப் பெட்டி!

நானும் மனைவியும் நடந்தோம். கையில் ஹீட்டர் பொருத்துகிறவரின் குறிப்பேடு. 'மருந்துக்கடை எதிர்ச் சந்து, பச்சைக் கேட், நாய் உண்டு.' இதுதான் எங்களுக்கு முகவரி. படியேறி மூச்சு வாங்க, "உங்க ஹீட்டர்..." என்று தொடங்குவோம். "ஒண்ணும் வேணாங்க" என்று கதவு சாத்தப்படும். மறுபடி தட்டுவோம். இப்படி நேற்று முப்பத்தேழாவது கதவைத் தட்டினோம். திறந்தவர் ஒரு தையல்கார அம்மா. வலது கையில் மாவுக்கட்டு.

"ஷாக் அடிச்சுதாம்மா?"

"இருபது நாள் ஆச்சு. வாளியில கை வச்சேன், தூக்கி அடிச்சுது. விழுந்து மணிக்கட்டு முறிஞ்சுபோச்சு. அன்னைக்கே உங்களுக்கு மெயில் போடச் சொன்னேனே, எம் பொண்ணுகிட்ட?"

"எனக்கு வரலியேம்மா."

"எப்படி வரும்? திரும்பி வந்துடுச்சு. அப்படி ஒரு முகவரியே இல்லையாம்."

அவையோரே! என் மடலின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: 'இதற்குப் பதில் அனுப்ப வேண்டாம்.' அனுப்ப மட்டுமே அந்த முகவரி. வருவதை வாங்க அங்கே பெட்டியே இல்லை. சிரிக்காதீர்கள், உங்கள் கடை மடலின் அடியைப் பார்த்தீர்களா? ஆயிரம் பேரை இல்லாதவர்கள் என்று ஏசினேனே, இல்லாதவன் யார்? ஆறாயிரம் பேரை அழைக்க வாய் வைத்திருந்தேன். ஒருத்தி அலறினால் கேட்கக் காது வைத்திருந்தேனா? அந்த ஒரு மடலை நான் படித்திருந்தால், கம்பெனிக் கடிதத்துக்குப் பதினைந்து நாள் முன்பே நாற்பத்தைந்து வீடுகளை எச்சரித்திருப்பேனே! அந்த அம்மாவின் தையல் இயந்திரத்தைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

ஆகவே சொல்கிறேன்: பட்டியலைப் பெருக்குமுன் படியுங்கள்! திரும்பி வந்ததைப் படியுங்கள்! பதில் வருகிற வழியை...

பொறுங்கள். கைப்பேசி. என் மனைவிதான். முப்பத்தெட்டாவது வீடு, பெட்டி நிரம்பிய வீடு. குறிப்பேட்டில் 'தண்ணீர்த் தொட்டிப் பக்கம், மாடி' என்று மட்டும் இருந்தது, காலையிலிருந்து தேடுகிறாள். எழுதியிருப்பதைப் படிக்கிறேன்.

"வீட்டைக் கண்டுபிடிச்சுட்டேன். பூட்டியிருக்கு. வெளியூர் போனவங்க இன்னைக்கு வர்றாங்களாம். வந்ததும் குளிக்கத்தானே போவாங்க? நான் வாசல்லயே உட்கார்ந்திருக்கேன். நீங்க பேசி முடிச்சுட்டு மெதுவா வாங்க."

மெதுவாகவா? தலைவர் அவர்களே, நினைவுப் பரிசை நீங்களே வைத்திருங்கள். பொறுத்துக் கேட்ட பெரியோருக்கும் தாய்மாருக்கும் நன்றி. என் கடைக்கு எழுதுங்கள். இப்போது அங்கே படிக்க ஆள் உண்டு. நான் அனுப்பியதெல்லாம் அந்த வாசலிலிருந்து திரும்பி வந்தது. அவள் சொல்லாமல் திரும்ப மாட்டாள். அவள் பக்கத்தில் உட்காரப் போகிறேன். வணக்கம்!