வள்ளத்துக்கு நாலு எலுமிச்சம்பழம்

சேரன்மாதேவியிலிருந்து ஜங்ஷனுக்கு வரும் பஸ். எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள்.

"வள்ளத்துக்கு எங்கட்டி சக்கரம் இருக்கு? நாலு எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வரச் சொல்லுதாரு," என்றாள் மூத்தவள்.

"எந்த வள்ளம்க்கா?"

"ஊர்ல மத்தவன் ரிட்டயர் ஆனா கோயில் குளம்னு போறான். எங்க வீட்டு மனுசன் யூடியூபப் பாத்துப் பாத்து முத்தத்துல பலகைய இழைச்சிட்டுக் கெடந்தாருல்லா, அதுதான். நாளைக்குக் காலையில ஆத்துல எறக்குதாராம். புது வண்டின்னா எலுமிச்சம்பழத்த நசுக்கித்தான் எடுக்கணுமாம்."

"வள்ளத்த வச்சு எப்படி நசுக்குவாரு?"

"அத ஏத்திட்டுப் போற லோடு ஆட்டோ சக்கரத்துல. பூசை வள்ளத்துக்கு, புண்ணியம் ஆட்டோக்காரனுக்கு."

இளையவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஒழுகாதாக்கா?"

"நேத்து வள்ளத்துக்குள்ள பத்துக் கொடம் தண்ணிய ஊத்திப் பாத்தாரு. மூணு எடத்துல சொட்டிச்சு. அதுல தார அப்பிட்டு, இனி கப்பலே தோத்துரும்ங்காரு. முத்தத்துச் சகதிய நாந்தான் கழுவுனேன்."

"அத்தானுக்கு நீச்சல் தெரியுமா?"

"அவருக்கா? படித்துறையில மூணாம் படிக்குக் கீழ எறங்க மாட்டாரு."

ஜங்ஷன் வந்தது. மூத்தவள் பையைத் தூக்கியபோது எலுமிச்சம்பழங்களுக்கு அடியில் பெரிய நைலான் கயிற்றுச் சுருள் தெரிந்தது.

"அத்தான இழுக்கவாக்கா?"

"அவரு முங்குனா நான் நீந்திப் போயித் தூக்கிருவேன். கயிறு வள்ளத்துக்கு. அது முங்கிட்டுன்னா அந்த மனுசன் எந்திரிக்க மாட்டாரு."