வலப்பக்கம் எடுக்காத படம்

இதயத்துக்கு எக்கோ எடுக்கும்போது ஜெல்லை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்சம் சூடாக்கித்தான் நெஞ்சில் தடவுவேன், ஐயா. இருபத்தாறு வருஷமாக அப்படித்தான். தேகு நகரில் என்னைத்தான் வேண்டுமென்று கேட்டு வரும் நோயாளிகள் உண்டு.

என் கணவர் மா பியோங்-ஹோவும் என்னிடம்தான் எடுத்துக்கொள்வார். "கண்டவ முன்னாடி சட்டையைக் கழட்ட முடியாது. நீ சும்மாதானே பசை தடவிக்கிட்டு உக்காந்திருக்கே" என்பார். இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வாசலில் இருக்கும் மகாதமனி வால்வு அவருக்குச் சுண்ணாம்பு படிந்து குறுகிக்கொண்டிருந்தது. குறுகக் குறுக ரத்தம் வேகமாகப் பீறிடும். நொடிக்கு நான்கு மீட்டரைத் தொட்டால் வால்வை மாற்றும் பேச்சு தொடங்கிவிடும்.

இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பார்த்தால் அவருக்கு மூன்று புள்ளி நான்கு. அதை எழுதினேன். வலப்பக்கம் திருப்பி, மார்பெலும்பின் ஓரத்திலும் பார்க்க வேண்டும். சிலருக்கு நிஜ வேகம் அங்கேதான் பிடிபடும். அறிக்கைக்காக அவரை நான் ஒருமுறையும் திருப்பவில்லை. இதயம் சுருங்கும் அளவு அறுபத்திரண்டு சதவீதம், நல்ல எண். இதயத் தசை தடித்திருந்த பழியை எங்கள் ஆஸ்பத்திரி இதய டாக்டர் பியோன் ரத்தக் கொதிப்பின் தலையில் போட்டுவிட்டார். என் அறிக்கையை அவர் சந்தேகப்பட்டதே இல்லை.

ஏன் என்று கேட்கிறீர்கள். என் அம்மா புசானில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இங்கே மாமனாரின் திதி. முப்பது பேருக்கு மீன் வறுத்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது.

"என்னங்க, அம்மாவுக்கு ரொம்ப முடியலையாம். கிளம்பட்டுமா?"

"மூச்சு இருக்குல்ல? படையல் முடியட்டும், நாளைக்குப் போ."

அம்மா தனியாகச் செத்தாள். மீனில் உப்புக் கம்மி என்றார் அவர். அன்றிலிருந்து அந்த மனுஷனை வெறுத்தேன், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

ஓய்வு பெற்றபின் ஞாயிறுதோறும் கூட்டாளிகளோடு மலையேறப் போவார். ஒருநாள் முகம் வெளுத்து வந்தார்.

"பாதி ஏத்தத்துல கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. எதுனா பிரச்சனையா?"

"வயசாகுதுல்ல. இனிமே முடியலன்னு கூட்டாளிங்ககிட்ட சொல்லிட்டு வீட்டுலயே இருங்களேன்."

"போடி. கைகொட்டிச் சிரிப்பானுங்க."

அடுத்த ஞாயிறு நான்தான் சோற்றைக் கிம்பாப்பாக உருட்டிக் கட்டிக்கொடுத்தேன். மலைப்படியில் விழுந்தவர் எழவில்லை.

பொய் எண் எதையும் நான் எழுதவில்லை. வலப்பக்கப் படம் ஒன்றுகூடக் கருவியில் இல்லை என்று உங்கள் வல்லுநர் சொன்னார். சரிதான்.

உங்கள் வல்லுநருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. கண் இருட்டியதாகச் சொன்ன மறுநாள் கணவரை ஆஸ்பத்திரிக்கு வரவழைத்து, வலப்பக்கம் திருப்பிப் பார்த்தேன். ஐந்து புள்ளி ஒன்று. பிறகு நெஞ்சைத் துடைத்து, சட்டைப் பொத்தான்களை நானே போட்டுவிட்டு, "எல்லாம் அப்படியேதான் இருக்கு, போங்க" என்றேன். படத்தைச் சேமிக்கவில்லை. பதிவே ஆகாத ஓர் எண்ணுக்கு நான் எப்படி ஐயா பொறுப்பாக முடியும்?