விற்காத ஹேண்டில்

புதுக்கோட்டையிலிருந்து கீரனூர் போகிற பஸ்ஸில், என் முன்சீட்டுக்காரர் துண்டில் சுற்றிய இரும்புக் கம்பியை மடியில் வைத்திருந்தார். பக்கத்தில் இருந்தவர் என்னவென்று கேட்டார்.

"காரு ஹேண்டில். முன்னாடி சொருகிச் சுத்துனாத்தான் வண்டி கெளம்பும்."

"காரு எங்கண்ணே?"

"கீரனூர்ல. போன தையில வித்துப்புட்டேன்."

"இத மட்டும் விக்கலையா?"

"வருசா வருசம் ஆயுத பூசைக்குச் சந்தனம் வெச்ச சாமான். குடுக்க மனசு வரல."

"வாங்குனவரு என்ன செய்றாரு?"

"புதுசா ஒண்ணு அடிச்சாரு. சுத்துறப்ப திருப்பி ஒதைச்சு மணிக்கட்டு வீங்கிப்போச்சு. இப்ப வெளியூரு போகணும்னா எனக்கு ஆள் விட்டுருவாரு. நான் போயி சுத்திக் குடுத்துட்டு வாரேன்."

"வித்தது வருத்தமா இல்லையா?"

"இல்லாமயா? சோறு எறங்கல. ஆனா பாருங்க, அது எங்கிட்டத்தான் திரும்பி வரும்."

"அதுக்குள்ள அவரு பழகிக்கிட்டா?"

"அவரு பழகிக்கிருவாரு. வண்டி பழகணுமில்ல?"

கீரனூரில் இறங்கினார். நிறுத்தத்துக்கு எதிர்வீட்டு வாசலில், கார் பக்கத்தில் காத்து நின்றவர் கும்பிட்டார். இவர் நேரே போய் பானெட்டைத் தடவிக்கொடுத்தார். பிறகுதான் அவருக்கு வணக்கம் சொன்னார்.