நோவில்லாத நாலு பல்

— வாய மூடாதிய, இன்னொரு தடவ பாத்துக்கிடுதேன். ம்... ஏம்மா, மேல்வரிசை முன்பல்லு நாலும் கல்லு மாதிரி நிக்கு. இதப் போயி எதுக்குப் பிடுங்கச் சொல்லுதிய?

— நோவு தாங்கல டாக்டரய்யா.

— எந்தப் பல்லுல?

— நாலுலயுந்தான்.

— இப்பத்தான கம்பியால தட்டுனேன். கண்ணக் கூடச் சிமிட்டலியே நீங்க?

— நோவோ நோவில்லையோ, பிடுங்கி ஒரு தாள்ல மடிச்சுக் குடுங்கய்யா. நாலு மணி பஸ்ஸுக்குப் போவணும்.

— தாள்லயா? பிடுங்குன பல்லக் கொண்டுபோயி என்ன செய்யப் போறிய?

— ஊர்ல காட்டணும்.

— எம்மா! எந்திரி. மொதல்ல அந்த நாற்காலிய விட்டு எந்திரி.

— யாரும்மா நீ? கதவத் தட்டாம உள்ள வாறே?

— நான் இவ மக, டாக்டர். குழல்வாய்மொழி. குத்தாலத்துக்குப் போயி அரிசி வாங்கிட்டு வாறேன்னு எங்கிட்டப் பொய் சொல்லிட்டு, இங்கன தென்காசியில வந்து வாயப் பொளந்துக்கிட்டு இருக்கா. பஸ் ஸ்டாண்டுலருந்து மொட்டக் கோபுரம் வரைக்கும் ஒரு ஆசுபத்திரி விடாம ஏறி எறங்கிட்டேன்.

— ஏட்டி, சத்தம் போடாத. வெளிய ஆள் நிக்கு.

— நிக்கட்டும். ரத்தினம் அண்ணாச்சி அனுப்புன ஆளுதான? ஆதித்தன் வாசப்படியில உக்காந்து பீடி குடிக்கான். எங்கம்மா பல்லு சூடா வருமாம், வாங்கிட்டுப் போவணுமாம். வடை வாங்க நிக்கவன் கூட அவ்வளவு பொறுமையா நிக்க மாட்டான்.

— கொஞ்சம் பொறுங்க ரெண்டு பேரும். எனக்கு வெளங்குத மாதிரி ஒருத்தர் சொல்லுங்க.

— நான் சொல்லுதேன் டாக்டர். எங்க ஊர்ல ரத்தினம் அண்ணாச்சி வச்சதுதான் சட்டம். அவரு மருமவளுக்கு ரெண்டு கரு தங்காமப் போயிட்டு. பாவந்தான், நல்ல டாக்டர்ட்ட காட்டணும். காட்டல. செங்கோட்டைக்கு அங்கிட்டுருந்து ஒரு மந்திரவாதியக் கூட்டியாந்து மை போட்டுப் பாத்தாவ. 'உங்க ஊர்ல ஒருத்தி வாய்க்குள்ள முணுமுணுத்தே கருவக் கலைக்கா'ன்னு சொல்லிட்டு, கோழியையும் வேட்டியையும் வாங்கிட்டு அவன் போயிட்டான். எங்கம்மாவுக்குக் களை பிடுங்கும்போது எதையாவது பாடாமக் கை ஓடாது. அது போதாதா? சூனியக்காரி ஆயிட்டா.

— சரி, அதுக்கும் பல்லுக்கும்...

— முன்பல்லு இல்லன்னா மந்திரம் சரியா விழாதாம். எழுத்தெல்லாம் காத்தாப் போயிருமாம். பாம்புக்குப் பல்லைப் பிடுங்குத மாதிரி. வருசம் எண்பத்தொண்ணு நடக்கு டாக்டர், எண்பத்தொண்ணு!

— வாஸ்தவம். ஆனா எனக்கு இது புதுசு இல்லம்மா.

— என்னது புதுசு இல்ல?

— போன வருசம் இதே நாற்காலியில ஒரு பெரியவர் உக்காந்தாரு. இதே மாதிரி சொத்தையில்லாத பல்லு. நான் என்னமோ பெரிய நியாயவான் கணக்கா, மாட்டேன்னு திருப்பி அனுப்பிட்டேன். மறுநாள் நாலு பேரு தூக்கிட்டு வந்தாவ. அம்மிக் கொழவியால தட்டி எடுத்திருந்தாவ. உதட்டுக்கு மட்டும் ஒம்பது தையல் போட்டேன்.

— அதனால இப்ப பிடுங்கிருவியளா?

— தெரியல. டென்டல் காலேஜுல இதுக்கு ஒண்ணும் சொல்லித் தரல.

— இந்தா, இந்தத் தட்டுல பிடுங்குன பல்லு கெடக்கே! இதுல நாலக் கழுவிக் குடுங்க டாக்டர். ஆதித்தன் கையில வச்சிருவோம்.

— கூறுகெட்டவளே, வாயத் தொறந்து காட்டச் சொல்லுவாவளே.

— அப்ப போலீசுக்குப் போவோம், வா.

— போயிட்டுத்தான வந்தே. என்ன சொன்னாவ?

— ஊர்லயே பேசித் தீத்துக்கிடச் சொன்னாவ.

— அதத்தான் தீத்துக்கிட்டு இருக்கேன். டாக்டரய்யா, ஊசியப் போடுங்க. கொல்லன் பட்டறைக் குறடுக்கு ஊசி கெடையாது.

— நல்லா யோசிச்சுட்டியளாம்மா?

— மூணு நாளா யோசன அதுதான்.

— சரி. அண்ணாந்துக்கிடுங்க. லேசாக் குத்தும்... இந்தப் பக்கம்... ஆச்சு. இனி உதடு தடிச்ச மாதிரி இருக்கும், பேச்சு குழறும். பேச வேண்டியத இப்பவே பேசிக்கிடுங்க.

— எம்மா, ரேசன் கடையில கூட நீ கைநாட்டு. ஒரு எழுத்து தெரியாது ஒனக்கு. 'நான் எந்த மந்திரத்தப் படிச்சுக் கிழிச்சேன்'னு அந்த ரத்தினத்துக்கிட்ட ஒரு வார்த்த கேக்க வாய் வரலியா?

— அவியளே அதத்தாம்ட்டி கேட்டாவ.

— யாரு?

— ஊர்க்கூட்டத்துல. ஒன்னைய அங்கன விடலயே. 'படிப்பில்லாதவ வாயில மந்திரம் நிக்காது. ஒன்னைய யாரு சொன்னா ஆவுடையம்மா, நீ ஒதுங்கு'ன்னாவ.

— பொறவு யாரச் சொன்னாவளாம்?

— விடியக்காலம் கொளத்தங்கரையில அங்கிட்டும் இங்கிட்டும் நடந்துக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டு, ஒருத்தருக்கும் வெளங்காத பாசையில ஒருத்தி முணுமுணுக்காளாம். அந்த மருமவ தண்ணிக்குப் போவும்போதெல்லாம் பாத்திருக்காளாம்.

— எம்மா... அது பரிச்சைக்கு மனப்பாடம் பண்ணுனது. இங்கிலீசு.

— எனக்குத் தெரியாதா? மூணு வருசம் ஒன்னைய உலுக்கி எழுப்பி விட்டது யாரு?

— இங்கிலாந்து ராஜாக்க பேரு டாக்டர். யாருக்குப் பொறவு யாரு பட்டத்துக்கு வந்தான்னு. அதச் சொன்னா யாரு வயித்துல கரு கலையும்?

— வாஸ்தவம்...

— அப்ப எம்மா, பல்லு?

— ஒம் பல்லத்தான் கேட்டாவ. நான் நெடுஞ்சாண் கெடயா விழுந்துட்டேன். 'அவளுக்கு ஒண்ணும் தெரியாது, நாஞ் சொல்லிக் குடுத்ததத்தான் ஒப்பிச்சா, வேரு எங்கிட்ட இருக்கு, எம் பல்லு போனா அவளுக்கும் அத்துப் போயிரும்'னு சொன்னேன். நம்பல. எரியுத சூடத்தக் கையால அணைச்சு சத்தியம் பண்ணுனேன். அதுக்குப் பொறவு நம்புனாவ.

— சூனியக்காரின்னு நீயே ஒத்துக்கிட்டியா?

— ஒத்துக்கிட்டேன். நெசத்துக்கு அப்பிடி ஒருத்தியா இருந்தா மொதல்ல அந்த ரத்தினத்து வாயையில்லா கட்டியிருப்பேன்.

— டாக்டர், அவள எறக்குங்க. நான் உக்காருதேன். என்னோடதத்தான கேட்டாவ? எடுங்க.

— ஏட்டி, திங்கக்கெழம திருநவேலியில டீச்சர் வேலைக்கு ஒன்னையக் கூப்புட்டிருக்காவ. பொக்க வாயோட போயி நிப்பியா? நீ சொல்லுத பாடம் எந்தப் பிள்ளைக்கு வெளங்கும்? நாத்து நட எனக்கு எதுக்குப் பல்லு?

— வேண்டாம். ஓடிப் போயிருவோம் எம்மா. பின்வாசல் இருக்கு. இப்பிடியே மதுரைக்கு பஸ் ஏறிருவோம்.

— ஒங்கப்பா?

— அவர...

— எந்திரிக்க மாட்டாத மனுசன். நான் பல்லோட திரும்புத வரைக்கும் கட்டில் தலமாட்டுல ரெண்டு தடியனுவ உக்காந்திருக்கானுவ. அவர யாரு தூக்கிட்டு வருவா, நீயா?

— அம்மா, கிள்ளுதேன். தெரியுதா?

— தெரிய...லய்யா.

— மரத்துட்டு. இந்தா பாரு குழல்வாய்மொழி, ஒங்கம்மா சொல்லி மட்டும் நான் இதச் செய்ய மாட்டேன். நீ படிச்ச பொண்ணு. வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லு, குறட்டக் கீழ வச்சிருதேன். வாரது வரட்டும். சொல்லும்மா. மருந்து ரொம்ப நேரம் நிக்காது.

— பிடுங்குங்க டாக்டர். அவ தலைய நான் பிடிச்சுக்கிடுதேன்.